கடலட்டைக்குக் கணக்கு வையுங்கள்: மட்டக்களப்புக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும், கதிரவெளி தொடங்கிக் கல்லாறு வரை கடலையும் வாவியையும் நம்பிப் பிழைக்கும் அண்ணன்மார், தம்பிமார், காக்காமார் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

வாடை ஓய்ந்து கடல் தணிந்ததும் கடலட்டைக் காலம் தொடங்கிவிடும். லொறிகளில் சுழியோடும் காற்றுச் சிலிண்டர்கள் வந்திறங்கும். கரையோரம் தற்காலிகக் கொட்டில்களான வாடிகள் எழும்பும். வடமேற்குக் கரையிலிருந்து சுழியோடிகள் வந்து சேர்வார்கள். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அந்தப் பரபரப்பு ஓயாது. அது தொடங்குமுன் உங்கள் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். கரையேறும் கடலட்டைக்குச் சங்கம் கணக்கு வைக்க வேண்டும். எந்த இனம், எத்தனை, என்ன நீளம், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எடுத்தது, எத்தனை பாக ஆழத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) எடுத்தது என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கடலுக்குப் போகிறவள் இல்லை. வாகரைப் பக்கத்தில் அட்டை அவிக்கும் வாடியில் கூலிக்கு நின்ற ஒரு தாயின் மகள். இன்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கூடப் பிறந்தவர்களில் ஒருவர் இன்னும் சுழியோடுகிறார். ஆகவே இந்தத் தொழிலை மூடுங்கள் என்று எழுத எனக்கு மனம் வராது. எங்கள் பிள்ளைகள் காலத்திலும் இது இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சூடை மீன் குறைந்தால் அடுத்த நாளே ஊருக்குத் தெரியும். சந்தையில் விலை ஏறும். "என்னகா, இண்டைக்கு மீன் ஒண்ணுமில்லையா?" என்று வேலியோரம் கேட்பார்கள். இறால் குறைந்தால் வாவிக்கரை முழுக்க அதே கதைதான். அட்டை குறைந்தால் யாருக்குத் தெரியும்? எங்களில் ஒருவரும் அதைச் சாப்பிடுவதில்லை. தமிழர் வீட்டிலும் இல்லை, முஸ்லிம் வீட்டிலும் இல்லை. ஒரு ஆணச் சட்டியும் அதைத் தேடுவதில்லை. அது முடிந்துபோன சேதி சுழியோடிக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் போகும். முதலாளி அடுத்த கடலைப் பார்த்துப் போய்விடுவார். சுழியோடி இன்னும் ஆழத்துக்கு இறங்குவார். ஹொங்கொங்கிலோ சிங்கப்பூரிலோ அதை வாங்குகிறவருக்குக் காயாங்கேணிப் பாரில் என்ன தீர்ந்தது என்று தெரிய வழியே இல்லை. இந்தத் தொழிலில் நான் காணும் பெரிய ஆபத்து இதுதான். மீனுக்குச் சந்தையும் சமையலறையும் கணக்கு வைக்கின்றன. அட்டைக்கு அப்படி ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் சங்கம் நிற்க வேண்டும்.

சீன வணிகர் நம் கரைகளில் அட்டை வாங்கத் தொடங்கி நூற்றாண்டுகள் பல ஆகின்றன. அத்தனை காலமும் தாங்கிய கடல், சிலிண்டரும் வெளியிணைப்பு இயந்திரப் படகும் வந்த பிறகு சில பத்தாண்டுகளில் களைத்துவிட்டது. தெற்குக் கரையில் ஒரு காலத்தில் நடந்த அட்டைத் தொழில் இன்று இல்லை. நாட்டின் நீர்வாழ் வளங்களை ஆராயும் நாரா நிறுவனம் 2008 இல் தொடங்கிக் கிழக்கிலும் வடமேற்கிலும் கடலடியில் இறங்கி எண்ணியபோது விலைகூடிய இனங்கள் அரிதாகவும், விலைகுறைந்தவையே கூடுதலாகவும் கிடந்தன. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியா 2001 இல் அட்டை பிடிப்பதையே முற்றாகத் தடை செய்தது. நம் நாட்டுப் படகுகள் இந்து சமுத்திரத்தின் நடுவே இருக்கும் சாகோஸ் தீவுகள் வரை அட்டைக்காகப் போய்ப் பிடிபட்டிருக்கின்றன. இங்கே போதியளவு இருந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யார் அவ்வளவு தூரம் போவார்?

இந்த இறக்கத்தை நீங்களே கூடையில் பார்த்திருப்பீர்கள். முந்தி வெள்ளை அட்டைக்குத்தான் ஆள் போவார்கள். அது அருகிய பிறகு நூலட்டை வந்தது. பிறகு டிஸ்கோ அட்டை. ஒருவரும் தொடாத நரி அட்டையும் இப்போது கூடையில் ஏறுகிறது. விலைகுறைந்த இனத்தைத் தேடி எடுக்கிறோம் என்றால் விலைகூடியது தீர்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இதை யாராவது ஆண்டுவாரியாக எழுதி வைத்திருந்தால், எந்த ஆண்டில் எது சரிந்தது என்று இன்று கைகாட்டிச் சொல்லலாம்.

கடலில் அது செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படிப்பிக்கிற எனக்கே இன்னும் வியப்புத் தீராத உயிர் அது. பெயரில்தான் அட்டை. வயலில் காலில் கடிக்கும் அட்டைக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் இதன் சொந்தக்காரர். கண் இல்லை, மூளை இல்லை. கழிவு வாயாலேயே தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடும். வாயைச் சுற்றியிருக்கும் குட்டைக் கைகளால் மண்ணை அள்ளி அள்ளி விழுங்கும். அந்த மண்ணில் ஒட்டியிருக்கும் அழுகல், பக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத பாசி எல்லாவற்றையும் செரித்துவிட்டுச் சுத்தமான மணலைப் பின்னால் திரித்துப் போட்டுக்கொண்டே போகும். வெள்ளை அட்டை பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, பொழுது பட்டதும் மேலே வரும். புதைந்தும் கிளம்பியும் அது மண்ணைக் கிளறுவதால் அடிமண்ணுக்குக் காற்றுப் போகிறது. அது விடும் கழிவு கடற்புல்லுக்குப் பசளை. அந்தப் புல்லுக்குள்தான் இறாலும் நண்டும் ஒரா மீனும் குஞ்சாக இருக்கும் பருவத்தைக் கழிக்கின்றன.

அவுஸ்திரேலியாவின் ஹெரன் தீவில் ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் பார்த்து 2021 இல் வெளியிட்டார்கள். அந்த ஒரு தீவின் முருகைக்கல் (பவளப்பாறை) திட்டில் மட்டும், நாங்கள் மலிவு என்று ஒதுக்கிய நரி அட்டை ஆண்டுக்குச் சுமார் 64,000 தொன் மணலை விழுங்கிச் சுத்தமாக்கி வெளியே விடுகிறது. 2024 இல் வந்த இன்னோர் ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பசுபிக்கில் மூரேயா தீவருகே சில இடங்களில் அட்டைகளை அகற்றிவிட்டு, சில இடங்களில் அப்படியே விட்டுவைத்துப் பார்த்தார்கள். அட்டை இல்லாத இடத்தில் முருகை நோய்ப்பட்டுச் சாகும் வாய்ப்பு 15 மடங்காகக் கூடியது. முருகையின் அடியில் சேரும் அழுக்கையும் கிருமியையும் தின்று தீர்க்க ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

பாசிக்குடா, கல்குடா, காயாங்கேணி முருகைக்கல்லை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாரை மீனும் கலவாய் மீனும் அங்கேதான் நிற்கும். வெள்ளைக்காரர் சுழியோடிப் பார்க்க வருவதும் அங்கேதான். காயாங்கேணிக் கடல் 2019 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கடல் சூடேறி 1998 இலும் 2016 இலும் இலங்கையின் பல கரைகளில் முருகை வெளுத்தது. அந்தச் சூட்டை நாங்கள் தணிக்க முடியாது. முருகையின் காலடியைத் துப்பரவாக வைத்திருக்கும் உயிரை விட்டுவைப்பது எங்கள் கையில் இருக்கிறது.

இனப்பெருக்க விடயத்தை ஒவ்வொரு சுழியோடியும் தெரிந்திருக்க வேண்டும். அட்டை துணை தேடிக் கலப்பதில்லை. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் கடல் தண்ணீரில் விட்டுவிடும். ஒரு பெண் அட்டை இலட்சக்கணக்கில் முட்டை விடும். ஆனால் பக்கத்தில் ஆண் இல்லாவிட்டால் அந்த இலட்சமும் நீரோட்டத்தில் வீண். ஆகவே ஒரு பாரில் நூறு அட்டை சேர்ந்து கிடப்பதும், அதே நூறும் ஒரு மைலுக்குச் சிதறிக் கிடப்பதும் ஒன்றல்ல. "இன்னும் அங்கங்கே கிடக்குது" என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோமே, அந்த அங்கங்கே கிடப்பவற்றால் குஞ்சு வராது. அவுஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையிலுள்ள டொரஸ் நீரிணையில் வெள்ளை அட்டைத் தொழிலை 1998 இல் மூடினார்கள். பத்தாண்டுகள் கடந்தும் அந்தத் திட்டுகள் பழைய நிலைக்குத் தேறவில்லை. வலையை எடுத்தால் அடுத்த ஆண்டே மீளும் சூடையோடு இதை ஒப்பிட முடியாது.

இனிச் சுழியோடிகளைப் பற்றி.

"தங்கச்சி, முந்தி நெஞ்சுத் தண்ணிக்குள்ள காலால தட்டுப்படும். இப்ப பத்துப் பாகத்துக்கு இறங்கினாத்தான் ஒண்டு ரெண்டு" என்று எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் சொன்னார். அவருடைய இடது கால் இப்போது இழுத்துத்தான் நடக்கிறது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன், அழுத்தத்தால் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு போய்விடும். கூடை நிறைந்த சந்தோசத்திலோ சிலிண்டர் முடியப்போகும் பயத்திலோ விறுக்கென்று மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி கிளம்புவது போல உடம்புக்குள்ளேயே கிளம்பும். மூட்டில் நின்றால் வலி. முள்ளந்தண்டில் நின்றால் இடுப்புக்குக் கீழே இயங்காமல் போகும். சிலர் அன்றைக்கே சாவார்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குவது ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. முதல் இறக்கத்தில் சேர்ந்தது முழுதும் வெளியேறுமுன் அடுத்தது சேர்ந்துவிடும்.

இதைத் தனி ஒருவரின் கவலையீனம் என்று சொல்லி நாங்கள் தப்பிவிட முடியாது. ஆழமற்ற இடத்தில் அட்டை தீர்ந்ததால்தான் அவர் ஆழத்துக்குப் போனார். புத்தகத்தில் "எத்தனை பாகம்" என்று எழுதச் சொல்வதற்கு இதுவே காரணம். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் கூடுவதைக் கண்டால், கடல் தேய்வதும் சுழியோடிகள் சாவை நெருங்குவதும் ஒரே வரியில் தெரியும். பசுபிக்கின் பல நாடுகள் அட்டைக்குச் சிலிண்டர் கட்டி இறங்குவதையே தடுத்துவிட்டன. மூச்சடக்கி இறங்கும் ஆழத்துக்கு அப்பால் கிடப்பவை முட்டையிடத் தப்பும், ஆளும் தப்புவார் என்ற இரட்டைக் காரணம் அதற்கு உண்டு. இங்கே உடனே அப்படிச் செய்ய முடியுமா என்பது நீங்கள் கூடிப் பேச வேண்டியது. இராச் சுழியோட்டத்தையாவது முதலில் நிறுத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வெள்ளை அட்டை மேலே வந்து மேய்வதும் இரவில்தான், ஆளுக்கு ஆபத்து நேர்ந்தால் உதவி கிட்டாததும் இரவில்தான்.

வாடியில் நிற்கும் பெண்களை இந்தத் தொழிலில் ஒருவரும் கேட்பதில்லை. அவர்களிடம் இருக்கும் அறிவு எந்த அலுவலகத்திலும் இல்லை. அட்டை வந்திறங்கியதும் கழிவு வாய்ப் பக்கம் சின்னதாகக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுப்பார்கள். பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் தண்ணீர் கொதிக்க, அட்டையைக் கொட்டி மரத்துடுப்பால் விடாமல் கிண்டுவார்கள். கிண்டாமல் விட்டால் தோல் அடியில் பிடித்துக் கிழியும், தரம் போய்விடும். ஒரு முழ நீளத்து அட்டை கண் முன்னாலேயே சுருண்டு இறுகும். பிறகு கடற்கரை மணலில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். விடிந்து தோண்டி எடுக்கும்போது மேல்தோலின் வெள்ளைச் சுண்ணப் படை இளகியிருக்கும். சாக்கில் போட்டுக் காலால் மிதித்து, கடல் தண்ணீர் ஊற்றி ஊற்றி அந்தப் படையைத் தேய்த்துக் கழற்ற வேண்டும். அம்மாவின் உள்ளங்காலும் விரலிடுக்கும் அந்தச் சுண்ணத்தால் வெடித்திருந்ததை நான் பார்த்து வளர்ந்தேன். மறுபடி ஒரு அவியல், பிறகு வெயில். 100 கிலோ பச்சை அட்டை காய்ந்து முடிய ஏறத்தாழ 5 கிலோதான் மிஞ்சும்.

அந்தச் சுண்ணப் படை என்னவென்று பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டுவதுண்டு. அட்டைத் தோலில் நகக்கண் அளவு வெட்டி, துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் போட்டால் தசை கரைந்துவிடும். அடியில் மாவு போல ஒன்று படியும். கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் ஓட்டையிட்ட சின்னஞ்சிறு பொத்தான்களும் நான்கு கால் மேசைகளும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். அவைதான் அட்டையின் எலும்புகள். இனத்துக்கு இனம் அந்த வடிவம் மாறும். காய்ந்து சுருங்கி அடையாளம் தெரியாமல் போன அட்டையையும் இதை வைத்து இன்ன இனம் என்று சொல்லலாம். உயர்தர உயிரியல் மாணவர் எவரும் ஒரு பிற்பகலில் பழகிவிடக்கூடிய வேலை இது.

பெண்களிடம் உள்ள அறிவு என்றேன். குடலைப் பிதுக்கும்போது சில மாதங்களில் கிளைவிட்ட நூல் கொத்தாகச் சினை கூடவே வரும். பாலாக வெளுத்திருந்தால் ஆண், மஞ்சள் பாய்ந்திருந்தால் பெண். சில மாதங்களில் ஒன்றும் இருக்காது. எந்த மாதத்தில் சினை தடித்திருக்கிறது என்பது அவித்து அவித்துக் கை மரத்த அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். அட்டை எடுக்காமல் விட வேண்டிய மூடுகாலம் எதுவென்று கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சொல்லும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. "சினை உண்டா, இல்லையா" என்று புத்தகத்தில் ஒரு நிரல் போடுங்கள். அதை நிரப்ப வாடிப் பெண்களைச் சங்கத்தின் அங்கத்தவர்களாகச் சேருங்கள். இரண்டு பருவம் எழுதினால் எங்கள் கடலுக்குரிய மூடுகாலம் தானாகத் தெரிந்துவிடும்.

இதை யார், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அடிக்கடி கேட்கிறார்கள். சீனரின் புத்தாண்டிலும் கலியாண விருந்திலும் இது மரியாதைக்குரிய பதார்த்தம். காய்ந்த அட்டையை நாட்கணக்கில் ஊறவைத்து, இடையிடையே அவித்து ஆறவிட்டால் மறுபடி பொம்மிப் பருக்கும். அதற்கென்று தனிச் சுவை இல்லை. வெங்காயத் தாளோ கோழிச் சாறோ எதில் வேகிறதோ அதை இழுத்துக்கொள்ளும். வழுவழுப்பும் நெகிழ்வும்தான் அவர்கள் விரும்புவது. யப்பானில் பச்சையாகச் சீவி வினாகிரியில் போட்டு உண்பார்கள், குடலையும் உப்பிட்டுப் பதப்படுத்துவார்கள். மலேசியாவின் லங்காவியில் ஒரு வகை அட்டையைக் காய்ச்சிக் காயத்துக்குப் பூசும் எண்ணெய் எடுக்கிறார்கள். புரதம் கூடியது, கொழுப்புக் குறைந்தது என்பது உண்மை. புற்றுநோய் மாறும், இளமை திரும்பும் என்ற விளம்பரங்களுக்கு மனிதரிடம் செய்து காட்டிய சான்று இல்லை. அதை நம்பி நம் பெரியவர்கள் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

பசுபிக்கிலுள்ள குக் தீவுகளின் வழக்கம்தான் என் மனதில் நிற்கிறது. அங்கே கரையோரப் பெண்கள் ஒரு வகை அட்டையைக் கீறிச் சினையை மட்டும் உணவுக்கு எடுத்துக்கொண்டு உயிரைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அட்டைக்கு வெட்டுப்பட்ட உள்ளுறுப்பு மறுபடி வளரும். சாப்பிடுகிறவரே எடுக்கிறவராகவும் இருப்பதால், நாளைக்கும் அது அங்கே கிடக்க வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கு இருக்கிறது. உண்ணாத எங்களுக்கு அந்த அக்கறை எழுத்தில்தான் வர வேண்டும்.

பண்ணை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். 2022 யூனில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சியோடு மட்டக்களப்பையும் சேர்த்து 5,000 ஏக்கரில் பெரும் அட்டை வளர்ப்புத் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. வெள்ளை அட்டையைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்ததே முதலில் நமக்குப் பக்கத்தில், 1988 இல் தூத்துக்குடியில்தான். மடகஸ்காரில் கரையோரக் குடும்பங்கள் குஞ்சை வாங்கி வேலிக்குள் வளர்த்து விற்றுப் பிழைக்கின்றன. ஆனால் வடக்குக்குப் பொருந்தியது இங்கே பொருந்தும் என்று யார் சொன்னது? கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு உண்டு. அது பாதியாக இறங்கினால் வெள்ளை அட்டை நெடுநாள் தாங்காது. மாரியில் எங்கள் வாவி எப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். விற்கும் பருவத்துக்கு வளர அட்டைக்கு ஓராண்டுக்கு மேல் தேவை. அப்படியென்றால் வாவியில் விட்ட ஒவ்வொரு குஞ்சும் ஒரு மாரியையாவது கடக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். குஞ்சு எங்கிருந்து வரும்? பொரிப்பகத்தில் போதாவிட்டால் கடலில் கிடக்கும் சின்ன அட்டையைப் பொறுக்கித்தான் வேலிக்குள் விடுவார்கள். அப்போது பண்ணை என்பது கடலைக் காலி பண்ணும் இன்னொரு வழியாகிவிடும். வேலி போடும் ஆழமற்ற இடம் ஏற்கெனவே வீச்சுவலைக்காரரும் நண்டுக்காரரும் இறால் தடவும் பெண்களும் நிற்கும் இடம். வடக்கில் இதை வைத்து எத்தனை பிணக்குகள் வந்தன என்று செய்திகளில் படித்தோம். புத்தளத்தில் கண்டலை வெட்டி இறால் குளம் தோண்டினார்கள், 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது, கைவிட்ட குளங்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. பனிச்சங்கேணியிலோ உப்பாற்றிலோ ஒரு துண்டுக் கடலைக் கேட்டு யாராவது வந்தால், மாரி மாதங்களில் அந்த இடத்தின் உப்பை அளந்த கணக்கைக் கொண்டு வரும்படி சொல்லுங்கள். சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கம்பும் நட விடாதீர்கள்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. கடற்றொழில் பற்றிய 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், ஒரு கடற்பகுதியை முகாமைத்துவப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யவும், அங்கே தொழில் செய்பவர்களைக் கொண்டே குழு அமைக்கவும், மூடுகாலம் அறிவிக்கவும் இடம் தருகிறது. ஏற்றுமதிக்கும் கணக்கு இல்லாமல் இனி ஓட முடியாது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் பெரிய அட்டை இனங்கள் மூன்று 2019 இல் சேர்க்கப்பட்டன. அன்னாசி அட்டையும் அதன் வகையும் 2022 இல் சேர்க்கப்பட்டு 2024 இல் நடைமுறைக்கு வந்தன. இந்த இனங்களை ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால், எடுப்பதால் கடலில் அந்த இனத்துக்குக் கேடில்லை என்று நாடு காட்ட வேண்டும். காட்டுவதற்கு எண்கள் வேண்டும். அந்த எண்கள் கரையில்தான் பிறக்கும். எங்களிடம் புத்தகம் இருந்தால், எங்களைக் கேட்காமல் முடிவெடுப்பது கடற்றொழில் திணைக்களத்துக்குக் கடினம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கரைவலை வளைக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு யார் முறை, எந்த இடத்தில் யார் வளைப்பது என்று எழுதப்படாத ஒழுங்கை எங்கள் பாட்டன்மார் போட்டு வைத்தார்கள், இன்றும் அது செல்லுகிறது. நீர்கொழும்பு வாவியில் கட்டுவலைக்காரர் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துத் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்கிறார்கள். மீனுக்குச் செய்தவர்கள் அட்டைக்கும் செய்யலாம்.

ஆகவே தலைவர் ஐயாமாரே, பங்குனிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேருங்கள். புத்தகம் முதலில். அதோடு ஒரு சாணுக்குக் குறைந்த வெள்ளை அட்டையைக் கூடையில் போடுவதில்லை என்று தீர்மானியுங்கள். கையால் தொட்டால் சுருங்கிவிடும், ஆகவே தொடுமுன் பக்கத்தில் கையை விரித்து அளக்க வேண்டும். அதற்குக் குறைந்தது பெரும்பாலும் இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாதது. ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் ஒரு பாரைத் தேர்ந்து அங்கே அட்டை எடுப்பதில்லை என்று விட்டுவையுங்கள். அட்டை நெருங்கிக் கிடக்கும் இடமாக அது இருக்கட்டும், தேய்ந்த இடத்தை விட்டுக்கொடுப்பதில் பயனில்லை. வெளியூர்ப் படகுகளும் வாடிகளும் சங்கத்தில் பதிந்த பிறகே தொழிலுக்கு இறங்கலாம் என்று எழுதுங்கள். அவர்களும் வயிற்றுப் பிழைப்புக்கு வருகிறவர்கள்தான், விரட்டச் சொல்லவில்லை. அதே ஒழுங்குக்கு அவர்களும் கட்டுப்பட வேண்டும். கல்முனை, பொத்துவில் சங்கங்களோடும் பேசுங்கள். மாவட்ட எல்லை கடலுக்குள் இல்லை.

புத்தகத்துக்கான மாதிரிப் பக்கத்தை நான் வரைந்து வைத்திருக்கிறேன். இனங்களின் படத்தோடு, எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிறவர்களும் கோடு போட்டு நிரப்பும்படி இருக்கிறது. கரையில் நின்று எழுத என் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஆசையோடு இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நானும் வருவேன், வாடியில் நிற்கும் அக்காமார் இரண்டு மூன்று பேரையும் அழைத்து வருவேன். அவர்களுக்குப் பேச நேரம் கொடுங்கள். திகதியைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வாகரைப் பிரதேசத்து விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி